மங்கலத்தின் கொல்லைக்குக் கொடுத்த கறுப்பு மண்

என் தங்கை விருத்தாம்பாள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குடம் குடமாக ஊற்றினாலும் மறுநிமிடம் காய்ந்துவிடுகிற மணலில் தண்ணீரை நிற்க வைத்தாள். மாட்டு வண்டியே அச்சு வரைக்கும் புதைகிற கொல்லைக்கு டிப்பர் லாரியை வரவழைத்தாள். சுரங்கத்தில் வேண்டாம் என்று மலையாகக் கொட்டி வைத்திருந்த களிமண்ணைக் கேட்டு வாங்கி வந்து, ஊர் சிரிக்கச் சிரிக்க இறைத்து உழுதாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், 2008ஆம் வருடம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்த கண்காட்சியில் மல்லாட்டைக்கு முதல் பரிசு வாங்கினாள். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றும், புன்செய் நிலத்தைக் கொல்லை என்றும்தான் சொல்வோம். வேரெல்லாம் காயாகத் தொங்கிய செடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவள் மேடையில் நின்றபோது, முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டியவன் நான்.

அந்தக் கேடயம் இன்றும் அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆனால் அதன் முகம் சுவரைப் பார்த்திருக்கும். போகும்போதெல்லாம் நான் அதைத் திருப்பி வைப்பேன். அடுத்த முறை போனால் மறுபடியும் சுவரைப் பார்த்திருக்கும். ஏன் அப்படி என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல எனக்குத் தெரியும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஆலப்பாக்கத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் எங்கள் ஊர். கடல் இரையும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். எங்கள் அப்பா விருத்தாம்பாளுக்கென்று எழுதி வைத்தது ஒரு காணி மணல். அதற்குக் கிழக்கே, வரப்புக்கு அந்தப் பக்கம், அதே அளவில் மங்கலத்தின் கொல்லை. மங்கலம், என் தங்கை புருஷன் கண்ணாயிரத்துக்குச் சித்தப்பா மகள். புருஷனை இழந்தவள், பிள்ளைகள் இல்லை. அந்தக் காணியும் வீட்டை ஒட்டிய கிணறும்தான் அவள் சொத்து. விருத்தாம்பாளுக்குக் கிணறு கிடையாது. மங்கலம் தன் பயிருக்குப் பாய்ச்சியதும் வாய்க்காலைத் திருப்பிவிடுவாள். அதற்குக் கூலி என்று எதையும் வாங்கியதில்லை. மணல் வாய்க்கால் பாதித் தண்ணீரைக் குடித்துவிடும். ஆகவே மங்கலம் இரண்டு மடங்கு நேரம் மோட்டாரை ஓடவிட்டாக வேண்டும். அதையும் அவள் சொல்லிக் காட்டியதில்லை.

சுனாமி வந்தபோது உப்பனாறு எதிர்த்துக்கொண்டு இரண்டு கொல்லையிலும் உப்புத் தண்ணீர் ஏறியது. அடுத்த கோடையில், வீடிழந்தவர்களுக்குக் கட்டிய குடியிருப்புக்குச் சாலை போட்டார்கள். பள்ளத்தை நிரப்ப நெய்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்கத்து மண் டிப்பர் டிப்பராக வந்தது. அதில் ஒரு டிப்பர் விருத்தாம்பாள் கொல்லையின் மூலையில் புதைந்துகொண்டது. ஓட்டி வந்தவர் சார்லஸ். இறங்கி வந்து தலையைச் சொறிந்தார்.

"அக்கா, கோச்சிக்காத. லோட இங்க எறக்கினாத்தான் வண்டி ஏறும்."

"எறக்கு, எறக்கு. உங்க ஊர்ல எடமில்லன்னு எங்கொல்லைக்கு வந்துட்டியா?"

"எடமில்லாமயா? மல மாரி கெடக்குது. வேணும்னா சொல்லு, இன்னும் நாலு லோடு எடுத்தாறேன்."

"எதுக்கு? புள்ளையாரு பண்ணி விக்கவா?"

சாம்பல் நிறக் களிமண். அதை அள்ளி வெளியே போட ஆள் இல்லாமல், கண்ணாயிரம் கொஞ்சம் பரத்திவிட்டு மேலேயே உழுதுவிட்டார். தை மாதம் மல்லாட்டை முளைத்து, வெயில் ஏறியதும் கொல்லை முழுக்க இலை மடங்கித் தொங்கியபோது, அந்த மூலை மட்டும் நிமிர்ந்து நின்றது. கண்ணாயிரத்துக்கு அது விளங்கவில்லை. "அங்க மட்டும் எவனாச்சும் தண்ணி ஊத்துறானா?" என்று கேட்டார். விருத்தாம்பாள் கையைவிட்டுத் தோண்டிப் பார்த்தாள். மணலுக்குள் களி பொடிப்பொடியாகக் கலந்து, ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது.

அடுத்த சித்திரையில் அவளே சார்லஸைத் தேடிப் போனாள். முறையாகச் சீட்டு வாங்கிக் குவியலிலிருந்து மண் ஏற்றி வந்தார்கள். வண்டி புதையாமல் இருக்கத் தென்னை மட்டைகளைப் பாதைக்கு வரிசையாகப் போட்டாள். கட்டி கட்டியாக விழுந்த களியைக் கோடை முழுக்க வெயிலில் காயவிட்டு, கட்டையால் அடித்து உடைத்து, முதல் மழையில் அது கரைந்ததும் உழுதாள். தெருவில், "விருத்தாம்பா கொல்லயில கரண்டு எடுக்கப் போறாளாம், எல்லாரும் பல்பு வாங்கி வைங்க" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களே அடுத்த வருடம் பறித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அதற்கடுத்த வருடம்தான் கண்காட்சியும் கேடயமும்.

கண்காட்சி முடிந்து ஊருக்கு வந்த அன்றே மங்கலம் கேட்டாள். "அண்ணி, எனக்கும் அந்த மண்ணப் போட்டுக் குடேன்."

"நீ கேக்கணுமா? மொத லோடு உனக்குத்தான்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மேற்கே ஏரி உள்ள ஊர்களில், கோடையில் ஏரி வற்றியதும் கறுப்பு வண்டலை அள்ளி நிலத்தில் அடிப்பார்கள். எவ்வளவு கறுப்போ அவ்வளவு சத்து. எங்களுக்கு ஏரியும் இல்லை, வண்டலும் இல்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் கறுப்பைப் பார்த்து ஏங்கியவர்கள் நாங்கள். பெண் கொடுக்கும்போதுகூட "கறுமண்ணு ஊருதானே?" என்று கேட்டுக் கொடுக்கிற வழக்கம் உண்டு.

விருத்தாம்பாள் சார்லஸ் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து குவியலுக்கே போனாள். தன் கொல்லைக்குக் கிடைத்த சாம்பல் மண்ணையும் மஞ்சள் மண்ணையும் அவள் தேர்ந்தெடுத்து எடுத்ததில்லை. மங்கலத்துக்கு என்றதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஓரத்தில் புதிதாகக் கொட்டிய கறுப்பு மண் பளபளவென்று கிடந்தது. கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

"அது நெலக்கரிய ஒட்டி வர்ற மண்ணுக்கா. யாரும் கேக்கறதில்ல" என்றார் சார்லஸ்.

"கேக்காட்டி போறாங்க. தெரியாத ஜனங்க. இதான் மங்கலத்துக்கு."

"உனக்கு ரெண்டு லோடு?"

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் வெளஞ்சிடுச்சே. எல்லாம் அவளுக்கே போவட்டும்."

இதை அவள் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னாள் என்று சார்லஸ் பிறகு என்னிடம் சொன்னார். எது ஒசத்தி என்று நினைத்தாளோ அதைத் தனக்கு ஒரு கூடைகூட வைத்துக்கொள்ளாமல் கொடுத்தாள். தன் கையாலேயே இறைத்துக் கொடுத்தாள். மங்கலம் கடைசி வரைக்கும் மண்வெட்டியைத் தொடவில்லை. "நீ வுடு, நான் பாத்துக்கறேன்" என்றாள் இவள்.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. தையில் விதைத்தார்கள். முளைப்பு வந்தது. இரண்டு இலை விட்டதும் ஓரம் கருகத் தொடங்கியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் வெந்தது போல் பழுப்பாக, குட்டையாக இருந்தது. மண்கட்டிகளின் மேல் மஞ்சளாக மாவு பூத்திருந்தது. மாசி முடிவதற்குள் கொல்லை மொத்தமும் போனது. வரப்புக்கு இந்தப் பக்கம் விருத்தாம்பாள் பயிர் முழங்கால் மறைய நின்றது.

ஊருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. கடல் என்றார்கள். மங்கலமும் அதையே சொன்னாள். சொன்னதோடு நில்லாமல் விருத்தாம்பாளுக்கு ஆறுதல் வேறு.

"கடலு பூந்த நெலம் அண்ணி, வேற எப்டி இருக்கும்? நீ எம்மாம் பாடுபட்ட. உம் பாடு வீணாப் போச்சேன்னுதான் எனக்குக் கஷ்டமா இருக்குது."

அன்று சாயங்காலம் விருத்தாம்பாள் செம்மண்டலத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். மஞ்சள் பையில் இரண்டு பால் கவர். ஒன்றில் தன் கொல்லை மண், இன்னொன்றில் மங்கலத்தின் கொல்லை மண். "அண்ணா, நாளைக்கி சிதம்பரம் வரியா? அங்க மண்ணப் பாத்துச் சொல்றாங்களாமே" என்றாள்.

"கடல் தண்ணின்னு எல்லாரும் சொல்றாங்களே."

"எங்கொல்லைக்கும்தாண்ணா அதே கடலு வந்துச்சு."

மறுநாள் பஸ்ஸில் போனோம். சிதம்பரத்தில் மண் சோதிக்கிற இடத்தில் ஸ்ரீமதி என்ற பெண் எங்களை உட்கார வைத்து, இரண்டு மண்ணையும் தண்ணீரில் கலக்கினார். நீல நிறத் தாள் ஒன்றை நனைத்தார். ஒரு கவர் மண்ணில் தாள் அப்படியே இருந்தது. மங்கலத்தின் கொல்லை மண்ணில் சிவந்துபோனது.

"இது கடல் உப்பு இல்லீங்க. உப்பா இருந்தா இத்தனை மழைக்கு இறங்கியிருக்கும். இது புளிப்பு. நிலக்கரிய ஒட்டின களிமண்ணா போட்டீங்க?"

விருத்தாம்பாள் தலையை மட்டும் அசைத்தாள்.

"அதுல கந்தகம் இருக்கும். பூமிக்குள்ள இருக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. வெளிய வந்து காத்தும் மழையும் பட்டா அமிலமா மாறிடும். மத்த களிமண்ணு நல்லதுதான், தாராளமாப் போடலாம். கறுப்பு மட்டும் கூடாது. மேல இருக்கறத எவ்ளோ முடியுமோ சுரண்டி எடுத்துட்டு, சுண்ணாம்பு போடுங்க. ஒரே வருஷத்துல சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் பொறுமை வேணும்." நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாகக் கேட்டார். "யாரோட நிலம்?"

"எந்நெலம்தாம்மா" என்றாள் விருத்தாம்பாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிவந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த பஸ் ஆலப்பாக்கத்தை நெருங்கியது. "நீ வாயத் தொறக்காதண்ணா. நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள். சரி என்றேன்.

அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லத்தான் போவாள். மங்கலம் அதற்குள் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டுவிடுவாள். கண்ணாயிரம் வேறு, "சும்மா கெட. கடலு என்னா கோர்ட்டுக்கு வந்து நான் இல்லன்னு சொல்லப் போவுதா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தங்கை முறை ஆனவளோடு சண்டை வந்துவிடுமே என்று பயந்தார். சித்திரை போனது, வைகாசி போனது. விருத்தாம்பாள் இளைத்துப் போனாள். தன் கொல்லையில் விளைந்ததை ஒரு பருப்புகூட வாயில் போடவில்லை. கேடயம் சுவரைப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஆடியில் மங்கலம் எனக்கு ஆள் அனுப்பினாள். கொல்லையை விற்கப் போகிறாளாம். பண்ருட்டி தரகர் அந்தோணிசாமி சவுக்கு போட ஆள் பிடித்து வந்திருக்கிறார், எழுத்தைப் படித்துப் பார்த்துச் சொல்ல நான் வர வேண்டுமாம். போனேன். கிணற்றடியில் பாய் விரித்திருந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு.

"கடலு தின்ன நெலம் மாமா. வந்த வெலைக்குக் குடுத்துட்டுக் கெடக்கறேன். வேற யாரு கேப்பாங்க?" என்றாள் மங்கலம் என்னிடம். நான் தாளைக் கையில் வாங்கினேன். உண்மை என் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் வரப்பிலிருந்து விருத்தாம்பாள் ஓடி வந்தாள். முந்தானை தரையில் இழுபட்டது.

"மங்கலம், வெத்தலயத் தொடாத."

"இன்னா அண்ணி, மூச்சு வாங்குது, ஒக்காரு."

"உங்கொல்லயக் கடலு ஒன்னும் பண்ணல. நாந்தான் பண்ணேன்."

மங்கலம் சிரித்தாள். "வெய்யில்ல ஓடியாந்தியா? தண்ணி குடி."

"அந்தக் கறுப்பு மண்ணுடி. அது வெஷம். சிதம்பரத்துல பாத்துச் சொன்னாங்க. உனக்குன்னு தேடித் தேடி எடுத்தாந்து நாந்தான் கொட்டுனேன். நெலம் சாவல. சுண்ணாம்பு போட்டா திரும்பும். விக்காத."

மங்கலத்தின் சிரிப்பு மெல்ல நின்றது. "எப்ப சொன்னாங்க?"

"பங்குனியில."

"பங்குனி." மங்கலம் விரலை மடக்கினாள். "அப்பறம் எங்கூட்டுல எத்தினி நாளு சோறு தின்ன நீ?"

விருத்தாம்பாள் முந்தானையை அள்ளி இடுப்பில் செருகினாள்.

"மண்ணு தெரியாமப் போட்ட. அதுக்கு நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். எங்கையில வுட்டிருந்தாக்கூட அதத்தான் போட்டிருப்பேன். வாயில இருந்தத ஏன் முழுங்கின? இன்னிக்கி நீ வராம இருந்தா நான் வித்திருப்பேனே." அவள் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். அந்தோணிசாமி வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்பறம் பேசிக்கலாம்" என்று எழுந்தார். புளித்த மண் அவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் மங்கலம் விருத்தாம்பாளோடு பேசவில்லை. ஆனால் அடுத்த பட்டம் விதைத்ததும், முறை தவறாமல் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மங்கலத்துக்கோ பாய்ச்சப் பயிரே இல்லை. இவளுக்காக மட்டும் மோட்டாரைப் போட்டு, மடையைத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். விருத்தாம்பாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நிற்பாள்.

"தண்ணிய அடச்சி வுட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பேண்ணா" என்றாள் என்னிடம்.

அந்தத் தண்ணீரில் விளைந்ததை மூட்டை கட்டி மங்கலம் வீட்டுக்கு அனுப்பினாள். மூட்டை அவிழ்க்காமல் திரும்பி வந்தது. கூலி ஆள் வைத்து மங்கலத்தின் கொல்லையைச் சுரண்டப் போனாள். மங்கலம் வரப்பில் வந்து நின்றாள். ஆட்கள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

2010 ஆனி மாதம் ஒருநாள் விருத்தாம்பாள் என்னையும் கண்ணாயிரத்தையும் கூட்டிக்கொண்டு மங்கலம் வீட்டு வாசலில் போய் நின்றாள். மங்கலம் உள்ளே கூப்பிடவில்லை. விருத்தாம்பாள் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"எங்கொல்லய நீ எடுத்துக்க. உன்னுத எனக்குக் குடு. மாத்தி எழுதிக்கலாம்."

எங்களிடம் அவள் முன்கூட்டிச் சொல்லவில்லை. கண்ணாயிரம் என் கையைப் பிடித்தார். "மச்சான், இவளக் கேளு மச்சான். வெளையற கொல்லயக் குடுத்துட்டு வெந்தத வாங்கறாளாம்!"

"மாப்ள சொல்றது ஞாயந்தானே, விருத்தா? சுண்ணாம்பு போட்டுக் குடு. பங்கு குடு. நெலத்தையே மாத்தணுமா?" என்று நானும் சொன்னேன். அப்பா கொடுத்த நிலம். அவள் கை பட்டு விளைந்த நிலம். அது ஒன்றும் எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

மங்கலம் ஒரு வருடம் கழித்து வாயைத் திறந்தாள். "எனக்கு என்னா பிச்ச போடறியா?"

"பிச்ச இல்ல. எம்மண்ணு உங்கொல்லயில கெடக்குது. அது எங்க கெடக்குதோ அதான் எனக்கு. நான் சரி பண்ணிக்கறேன். சரியாவறதுக்கு எத்தினி வருஷம் ஆவுதோ, அத்தினி வருஷம் நீ ஏன் பட்டினி கெடக்கணும்?"

மங்கலம் வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "மாமா, நாளைக்கி இவ புள்ளைங்க வந்து என்னா சொல்லும்? எங்கம்மா கைநாட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவ, மங்கலம் ஏமாத்தி வாங்கிட்டான்னு சொல்லும். எனக்கு இந்தப் பேரு வேணாம்."

"கைநாட்டு வெக்க மாட்டேன்" என்றாள் விருத்தாம்பாள். "எனக்குத் தெரிஞ்சிதான் குடுத்தேன்னு இருக்கணும். எம் பேர நானே எழுதித் தரேன்."

கண்ணாயிரம், "இது எப்பலேர்ந்து?" என்றார்.

"இனிமேட்டுத்தான்."

அவள் வாரம் ஒருமுறை செம்மண்டலத்துக்கு வந்தாள். நான் சிலேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதில் எழுதுவது அவளுக்குப் பிடிபடவில்லை. ஊருக்குப் போய்த் தன் கொல்லையிலேயே எழுதிப் பார்ப்பதாகச் சொன்னாள். ஒருநாள் போய்ப் பார்த்தேன். தண்ணீர் பாய்ந்து பாதி காய்ந்த பாத்தியில், குச்சியால் வரிசையாக அவள் பெயர். முன்பு அது வெறும் மணலாக இருந்தபோது கோடு போட்டால் ஓரம் சரிந்து மூடிக்கொள்ளும். இப்போது கிழித்த கோடு கிழித்தபடி நின்றது. கொடுத்துவிடப் போகிற மண்ணில் அவள் தன் பெயரை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நிலம் மாற்றி எழுதிய பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விருத்தாம்பாள் அந்தக் கறுப்பு மண்ணைக் கூடை கூடையாகச் சுரண்டி, மூலையில் குழி வெட்டி, அடியிலும் மேலேயும் சுண்ணாம்பு போட்டு மூடினாள். கிளிஞ்சல் சுண்ணாம்பை வருடா வருடம் இறைக்கிறாள். மேலே சாம்பல் மண் அடித்தார் சார்லஸ். முதல் வருடம் கோரை மட்டும் வந்தது. இரண்டாம் வருடம் கேழ்வரகு போட்டாள், திட்டுத் திட்டாக வந்தது. இந்த 2012இல் மேற்கு ஓரத்தில் மல்லாட்டை பிடித்திருக்கிறது. கிழக்கே இன்னும் ஒரு இடம் பாய் அகலத்துக்கு வெறுமையாகக் கிடக்கிறது. யார் போனாலும் அந்த இடத்தைத்தான் முதலில் காட்டுகிறாள். மங்கலத்தின் தண்ணீர் இப்போது இந்தக் கொல்லைக்கு வருகிறது. கேடயத்தை நான் திருப்பி வைப்பதும், அது சுவரைப் பார்ப்பதும் அப்படியே நடக்கிறது.

பத்திரப் பதிவுக்குப் போன நாள் பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின வியாழக்கிழமை. அலுவலக வாசலில் களிமண் பிள்ளையார் விற்றுக்கொண்டிருந்தார்கள். விருத்தாம்பாள் ஒன்றை எடுத்துக் கையில் புரட்டி, விரலால் நசுக்கிப் பார்த்து, நிறத்தை உற்றுப் பார்த்தாள். விற்றவர், "வாங்கறியாம்மா, இல்ல சாப்பிடப் போறியா?" என்று கேட்டார். மங்கலம் தள்ளி நின்றிருந்தாள். அவள் உதடு லேசாக அசைந்தது.

உள்ளே எங்கள் முறை வந்ததும், பத்திரம் எழுதியவர் விருத்தாம்பாளைப் பார்த்த பார்வையிலேயே மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ரேகை எல்லாருக்கும் வெக்கறது, வைங்க. ஆனா எங்க எழுதணும்னும் காட்டுங்க, நான் பேரு எழுதுவேன்" என்றாள் அவள்.

பேனாவை மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பது போல் பிடித்தாள். முதல் எழுத்தைப் போட்டு முடிக்கவே வெகுநேரம் ஆனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கண்ணாயிரம் வியர்த்துப் போயிருந்தார்.

மங்கலம் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கோடு தாளில் ஏறி இறங்குவதைக் குனிந்து பார்த்தாள்.

"மெதுவா எழுது அண்ணி" என்றாள். "லாரி ஒன்னும் காத்துக்கிட்டு இல்ல."

விருத்தாம்பாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு மீதி எழுத்துகளையும் எழுதினாள். பக்கத்தில் தேதி போட வேண்டும் என்றார்கள். எண்கள் அவளுக்கு முன்பே தெரியும். அதையும் அவளே போட்டாள்: 9-9-2010.